பண்டிகைத் தேதிகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டு அசந்துபோன வரலாற்றுத் தகவல் எது?

விருந்துக்கு ஆறு மணி நேரம் தாமதமாகப் போன நாளில் தெரிந்துகொண்டது.

2011 ஜனவரி 7, வெள்ளிக்கிழமை. துபாயில் அப்போது வெள்ளிதான் வார விடுமுறை. கூட வேலை பார்த்த எத்தியோப்பிய நண்பர் வீட்டில் கிறிஸ்துமஸ். நேரம் சொன்னது அடிஸ் அபாபாவிலிருந்து புதிதாக வந்திருந்த அவர் மனைவி. மூன்று மணிக்கு வந்துவிடுங்கள் என்றார். சரியாக மூன்றுக்குப் போய் நின்றால், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. எத்தியோப்பியாவில் பகல் கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1. அவர் சொன்ன மூன்று, நம்முடைய காலை ஒன்பது. (நம் முன்னோர் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதும் இதே வழிதான், குறை சொல்ல முடியாது.) 43 நாள் விரதமிருந்து, ராத்திரி பூசை முடித்து, காலையிலேயே கோழிக் குழம்போடு விரதத்தை முடித்திருந்தார்கள்.

எனக்காகக் காபிச் சடங்கை மட்டும் இன்னொரு முறை நடத்தினார்கள். தரையில் புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைச் சட்டியில் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டிவிட்டு, இடித்து, கழுத்து நீண்ட கறுப்பு மண்கூஜாவில் கொதிக்கவிட்டார் அந்த அம்மா. தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி. மூன்று சுற்றும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் கேட்டேன், "அதென்ன ஜனவரியில் கிறிஸ்துமஸ்?"

"எங்களுக்கும் டிசம்பர் 25தான். உங்கள் காலண்டர்தான் நடுவில் தாவிவிட்டது" என்றார் நண்பர்.

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் நடைமுறைப்படுத்திய காலண்டரில் வருடத்துக்கு 365 நாளும் கால் நாளும். உண்மையான சூரிய வருடம் அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகும். 16ஆம் நூற்றாண்டில் பிசகு 10 நாள் ஆகி, ஈஸ்டர் கணக்கே குழம்பியது. போப் 13ஆம் கிரகோரி ஒரே வெட்டாக வெட்டினார்: 1582 அக்டோபர் 4 வியாழன், மறுநாள் வெள்ளி அக்டோபர் 15. இத்தாலியின் பெரும்பகுதி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து உடனே ஏற்றன. போப் சொல்லி நாம் கேட்பதா என்று மற்றவர்கள் முரண்டு பிடித்தார்கள். இங்கிலாந்து 170 வருடம் முரண்டியது. ஸ்வீடன் பாதி மாறி, குழம்பி, பழையதற்கே திரும்புவதற்காக 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு தேதியையே வைத்தது. ரஷ்யா 1918 வரை மாறவில்லை. அதனால்தான் 'அக்டோபர் புரட்சி'யை நவம்பர் 7இல் கொண்டாடினார்கள்.

எத்தியோப்பியர்களின் காலண்டர் தனி. மாதம் பதின்மூன்று, வருட எண்ணிக்கை நம்மைவிட ஏழெட்டு குறைவு. அன்று அவர் வீட்டுச் சுவரில் 2003 தொங்கியது! ஆனால் லீப் கணக்கு சீசருடையதேதான், அதனால் அவர்கள் கிறிஸ்துமஸும், பழைய காலண்டரை இன்னும் விடாத ரஷ்யத் திருச்சபையுடையதும் ஒரே நாளில் விழுகின்றன. 10 நாளாக இருந்த இடைவெளி வளர்ந்து இப்போது 13 நாள். 2100 கிரகோரி கணக்கில் லீப் வருடம் இல்லை என்பதால், அதன் பிறகு அந்தக் கிறிஸ்துமஸ் ஜனவரி 8க்குப் போய்விடும்.

அன்று வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். என்னை நிஜமாகவே உலுக்கியது நம்ம ஊர் விஷயம். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில், அவர்கள் புதுக் காலண்டர். சென்னை ஆங்கிலேயர் கையில், அவர்கள் பழசு. நடுவில் 150 கிலோமீட்டர்தான். 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பாண்டிச்சேரியில் டிசம்பர் 25 என்றால் சென்னைக் கோட்டையில் டிசம்பர் 14. இங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பினால் அங்கே இன்னொரு கிறிஸ்துமஸ் கிடைக்கும். 1746இல் பிரெஞ்சுப் படை செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த நாள் ஆங்கிலேயருக்குச் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர்களுக்கு 21. ஒரே சரணடைதல், இரண்டு தேதி.

1752இல்தான் ஆங்கிலேயர் இறங்கி வந்தார்கள். செப்டம்பர் 2க்கு மறுநாள் 14. சட்டம் காலனிகளுக்கும் சேர்த்துத்தான், ஆக சென்னையின் ஆங்கிலேயக் கணக்கிலும் செப்டம்பர் 3 முதல் 13 வரை கிடையாது. "எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு" என்று லண்டனில் கலவரம் வெடித்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்பாதீர்கள். ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்த ஒரு தேர்தல் கேலிச் சித்திரத்தில் அந்த வாசகம் எழுதிய பலகை கிடக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு வளர்த்த கதை. ஆனால் வரி வசூலிப்பவர்கள் 11 நாளை விடவில்லை. மார்ச் 25இல் தொடங்கிய கணக்கு வருடம் ஏப்ரல் 5க்குத் தள்ளிப்போய், பின்னால் இன்னொரு நாள் சேர்ந்து, பிரிட்டனில் வருமான வரி வருடம் இன்றைக்கும் ஏப்ரல் 6இல்தான் தொடங்குகிறது.

இந்தக் கணக்குப்படி நாம் ஆகஸ்ட் 22இல் கொண்டாடும் சென்னை தினத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. சென்னை நிலம் கைக்கு வந்த நாளாக 1639இல் ஆங்கிலேயர் எழுதியது பழைய காலண்டர் தேதி. அப்போது இடைவெளி 10 நாள்தான், ஆக இன்றைய கணக்கில் அது செப்டம்பர் 1. (அது ஆகஸ்டா ஜூலையா என்று வேறொரு தகராறும் இருக்கிறது, அதை விடுங்கள்.)

அப்புறம், பொங்கல். நாம் சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறோம். அந்த வருடம், பருவங்களை வைத்து அளக்கும் சூரிய வருடத்தைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பொங்கல் தள்ளிக்கொண்டே போகிறது. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. அந்தத் தேதி 1863 ஜனவரி 12. இப்போது பொங்கல் 14இலோ 15இலோ வருகிறது.