கால்சியத்தின் ஊதாக் கோடு: நிறமண்டலம் பற்றி வாசகர் கேள்விகள்

சூரியனைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நிறமண்டலத்தை, அதாவது சூரியப் பரப்புக்கு மேலே இருக்கும் மெல்லிய வாயு அடுக்கை, சுற்றியே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லில் வளையக் கிரகணம் பார்த்தேன். சூரியனைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு தெரியும் என்றார்கள். எனக்கு ஏன் தெரியவில்லை?

யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் பார்த்த அந்த வளையமே ஒளிமண்டலம், அதாவது நாம் தினமும் பார்க்கும் சூரியப் பரப்பு. அதில் ஒரு கீற்று மிச்சமிருந்தாலும் போதும், அதன் மேலே இருக்கும் மெல்லிய நிறமண்டலம் அந்த வெளிச்சத்தில் அமுங்கிவிடும். முழுக் கிரகணத்தில், நிலா பரப்பை மூடி முடிக்கும்போது சில விநாடிகள், விலகத் தொடங்கும்போது சில விநாடிகள், அவ்வளவுதான் அது தலைகாட்டும். சிவப்புக்குக் காரணம் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் உமிழும் ஒளி. இந்தியாவில் அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20, அதுவும் காஷ்மீர், லடாக் பக்கம்.

ஹீலியம் நம் குண்டூரில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது உண்மையா?

பாதி உண்மை. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தை பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் நிறமாலைமானி (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தார். அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளாகத் தெரியும். சூரிய விளிம்பின் தழல்களில் இருந்து வந்த கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால், கிரகணம் இல்லாமலேயே அவற்றைப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே பார்த்தும்விட்டார். என் கணக்கில் குண்டூரின் பெருமை இதுதான். அங்கே தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்துடையது அல்ல என்று பிரித்துச் சொன்னவர் இங்கிலாந்தின் லாக்கியர், அதே ஆண்டு அக்டோபரில். இந்த அடுக்குக்கு 'நிறமண்டலம்' என்ற பொருளில் பெயர் வைத்தவரும் அவரே. அந்தக் கோட்டுக்கு உரிய ஹீலியம் பூமியில் கைக்குக் கிடைக்க 1895 ஆயிற்று.

அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டும். சூரியனில் மட்டும் மேலே போகப் போக ஏன் ஏறுகிறது?

முதலில் குறையத்தான் செய்கிறது. பரப்பில் சுமார் 5,800 கெல்வின். அங்கிருந்து 500 கிலோமீட்டர் மேலே ஏறினால் ஏறக்குறைய 4,400. அதற்கு அப்புறம்தான் திரும்புகிறது. 2,000 கிலோமீட்டர் வாக்கில் இருபதாயிரத்தைத் தொட்டு, சட்டென்று சூரியனின் வெளி அடுக்கான கொரோனாவின் பத்து லட்சத்துக்குத் தாவிவிடுகிறது.

குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் போகாது. ஆகவே மேலே போவது வெப்பமாக அல்ல, அசைவாக. சூரியப் பரப்பு கொதிக்கும் உலை மாதிரி ஓயாமல் குமுறுகிறது. அதிலிருந்து ஒலி அலைகள் கிளம்புகின்றன. மேலே வாயு மெலிய மெலிய அலையின் வீச்சு கூடும். சாட்டையின் பிடி கொஞ்சம் அசைந்தால் நுனி சுளீரென்று வெடிக்கிறதே, அப்படி. கடைசியில் அதிர்ச்சி அலையாக உடைந்து, ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடும்.

1940களில் வந்த இந்த விளக்கம் அழகானது. ஆனால் ஒலி மட்டுமே போதாது என்று பலர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். காந்தப்புலம் வழியாக ஏறும் அலைகள், காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாகச் சேர்வது ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. எல்லோரும் கொரோனாவின் பத்து லட்சத்தைப் பார்த்து வாய் பிளக்கிறோம். உண்மையில் செலவு அதிகம் நிறமண்டலத்துக்குத்தான். அங்கே வாயு அடர்த்தி மிக அதிகம் என்பதால், அதைச் சூடாக வைத்திருக்க கொரோனாவுக்குத் தேவைப்படுவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் ஆற்றல் வேண்டும்.

வீட்டுத் தொலைநோக்கியில் பார்க்கலாமா?

சாதாரண சூரிய ஃபில்டரில் கரும்புள்ளிகள் தெரியும், நிறமண்டலம் தெரியாது. அதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா (மேலே சொன்ன 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோடு) தொலைநோக்கி என்று தனியாக விற்கிறார்கள். விலை மலைக்க வைக்கும். கண் வைக்கும் பக்கம் திருகி மாட்டும் பழைய சூரியக் கண்ணாடி ஏதாவது இருந்தால் தயவுசெய்து தூக்கி எறியுங்கள். சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும்.

கொடைக்கானலில் ஆய்வகம் இருக்கும்போது ஆதித்யா எதற்கு?

மக்னீசியத்தின் கோடுகள் 280 நானோமீட்டர் அருகில் இருக்கின்றன. நிறமண்டலத்தின் மேல்பகுதியைக் காட்டுபவை அவை. ஓசோன் அவற்றைத் தரைக்கு விடாது. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி அதைத்தான் படம் பிடிக்கிறது.

நட்சத்திரம் வெறும் புள்ளி. அதில் நிறமண்டலம் இருப்பது எப்படித் தெரியும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இதற்குக் கைகொடுப்பது கால்சியம். 393.4 நானோமீட்டரில், ஊதாவின் ஓரத்தில், அதற்கு ஒரு அகலமான கருங்கோடு உண்டு. அதன் நடுவே லேசாக வெளிச்சம் முளைத்திருந்தால், மேலே சூடான அடுக்கு இருக்கிறது என்று பொருள். மின்னேற்றம் பெற்ற கால்சியம் அவ்வளவு உயரத்தில் எப்படி வந்தது என்பதை 1920இல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா விளக்கினார். கொடைக்கானலில் 1904 முதல் சூரியனை இதே கோட்டில் படமெடுத்து வந்தார்கள். வெள்ளை ஒளியில் சரியாகப் பிடிபடாத காந்தத் திட்டுகள் அந்தப் படங்களில் பளிச்சென்று தெரியும்.

1957இல் இந்திய வானியலாளர் வேணு பாப்புவும் அமெரிக்க வானியலாளர் ஒலின் வில்சனும் இன்னொன்றைக் கண்டார்கள்: அந்த நடு வெளிச்சம் எவ்வளவு அகலமோ, நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் அவ்வளவு அதிகம். உண்மைப் பிரகாசம் தெரிந்தால் தொலைவையும் கணித்துவிடலாம். பிறகு வில்சன் 1966இலிருந்து 91 நட்சத்திரங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். சூரியனின் காந்தச் செயல்பாடு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது போலவே, பலவற்றின் கால்சிய வெளிச்சத்திலும் ஏற்றமும் இறக்கமும் தெரிந்தன. 61 சிக்னி ஏ நட்சத்திரத்துக்கு அது சுமார் 7 ஆண்டு.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன்?

கோள் வேட்டைக்காரர்களைக் கேளுங்கள். கிளீஸ் 581 என்ற சிவப்புக் குள்ளனை (சூரியனை விடச் சிறிய, மங்கலான நட்சத்திரம்) சுற்றி 'டி' என்ற கோள் இருப்பதாக, உயிர் வாழ ஏற்ற தூரத்தில் என்று வேறு, வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2014இல் அந்த நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கோளின் இழுப்பாக நினைத்தது நட்சத்திரத்தின் காந்தச் சேட்டை என்று தெரிந்தது. அத்தோடு 'டி' பட்டியலிலிருந்து போயிற்று.