பிளாக் பெல்ட் எத்தனை மாதத்தில்?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. காலம் கெட்டுக் கிடக்கிறது, தற்காப்புக் கலை ஒன்றில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, சிலம்பம் இவற்றில் எது பெஸ்ட்? எதில் சீக்கிரம் பிளாக் பெல்ட் கிடைக்கும்? போதிதர்மர் மூலம் சீனாவுக்கே சண்டை சொல்லிக்கொடுத்த நாம், காசு கொடுத்து ஜப்பான் கலையைக் கற்பது அவமானம் என்கிறார் என் மைத்துனர். கம்பு, கையுறை எல்லாம் இப்போதே வாங்கிவிடவா?
(ஒரு தந்தை, தாம்பரம்)

பதில்: மைத்துனரை முதலில் அனுப்பிவைத்துவிடுவோம். போதிதர்மர் 5, 6ஆம் நூற்றாண்டுக்காரர் என்கிறார்கள். உடற்பயிற்சி வித்தைகளை அவர் பெயரில் ஏற்றிச் சொல்லும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நடுவே ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. மைத்துனர் திட்டுகிற கராத்தேயும் டோக்கியோவில் பிறந்ததல்ல. ஒகினாவாத் தீவில் வளர்ந்தது. 1922இல் ஃபுனகோஷி கிச்சின் என்ற பள்ளி ஆசிரியர் டோக்கியோவுக்குப் போய்ச் செய்து காட்டிய பிறகுதான் அங்கே வேர் பிடித்தது. பெயரை முதலில் எழுதிய விதத்தில் ‘சீனக் கை’ என்று பொருள். பிற்பாடு அதே உச்சரிப்புள்ள வேறு எழுத்தைப் போட்டு ‘வெறுங்கை’ ஆக்கிக்கொண்டார்கள். சிலம்பம் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். அதற்குச் சீனாவின் சிபாரிசுக் கடிதம் எதற்கு?

சரி, பிளாக் பெல்ட். கறுப்புப் பெல்ட் கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. 1882இல் டோக்கியோவில் ஒரு கோயிலில் இடம் பிடித்துப் பள்ளி தொடங்கியவர். கறுப்புப் பெல்ட்டின் முதல் படிக்கு ஜப்பானிய மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர். ஆரம்பப் படி என்று அர்த்தம். அரிச்சுவடி முடிந்தது, இனிமேல்தான் பாடம் என்கிறார்கள் அவர்கள். நாம் அதைப் பட்டமளிப்பு விழாவாக்கி ஃப்ளெக்ஸ் வைக்கிறோம்.

நானும் உங்களைப் போல ஏமாந்தவன்தான். என் மகனை ஒரு மொட்டைமாடி வகுப்பில் சேர்த்திருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் கட்டணம், சான்றிதழ், மாஸ்டரோடு போட்டோ. நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றைக் குத்தினார்கள். மாஸ்டர் செல்போனில் இருந்தார். பச்சை பெல்ட் வாங்கிய வாரமே பையன் வீட்டு மாடிப்படியில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டு. இரண்டு வருடம் அடிக்கக் கற்றவனுக்கு விழ யாரும் கற்றுத்தரவில்லை.

ஜூடோவில் முதல் வாரங்களில் பாடமே அதுதான். தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், தலை தரையில் மோதக் கூடாது. கையை ஊன்றவே கூடாது. முதுகு தரையைத் தொடுகிற நொடியில் முன்னங்கை முழுவதாலும் பாயைப் பளாரென்று அறைய வேண்டும். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு குந்தியபடி, அப்புறம் நின்றபடி. பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யமும் இருக்காது. ஆனால் உங்கள் மகள் வாழ்நாளில் யாரையாவது எட்டி உதைக்க நேருமோ நேராதோ, குளியலறையில் ஒருநாள் வழுக்கத்தான் செய்வாள்.

கானோ செய்த இன்னொரு காரியம். அடி, குத்து, உதை போன்றவற்றைத் தனி மனப்பாட வரிசைகளில் வைத்துவிட்டு, பிடித்துத் தள்ளுவதையும் அமுக்குவதையும் மட்டும் எதிராளியோடு முழு பலத்தில் பழகச் சொன்னார். ‘ராண்டோரி’ என்பார்கள். விட்டுக்கொடுக்காத ஆளிடம் தினமும் பழகினால்தான் வித்தை உடம்பில் ஏறும். அதனால் எந்தக் கலை என்று என்னைக் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் என்னென்ன வகுப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். பிள்ளைகள் ஜோடி சேர்ந்து பழகுகிறார்களா, காற்றோடு மட்டும் சண்டை போடுகிறார்களா? அடிபட்ட குழந்தை அழுதால் வாத்தியார் என்ன செய்கிறார்? பெற்றோர் உட்காரக் கூடாது என்று சொல்லும் இடமானால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

பதக்கக் கனவு இருந்தால் கணக்கு வேறு. ஜூடோ 1964இலும் டேக்வாண்டோ 2000இலும் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக நுழைந்தவை. கராத்தே டோக்கியோவில் ஒரே ஒரு முறை தலைகாட்டியது, பாரிஸில் இல்லை. சிலம்பத்துக்கு ஒலிம்பிக் கிடையாது, ஆனால் தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இடமுண்டு. அதற்காக இப்போதே ரொம்பத் திட்டம் போடாதீர்கள். நம் சென்னைப் பெண் பவானி தேவி, பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் மிச்சமிருந்த வாள்வீச்சில் சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். வாள்வீச்சில் ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியர் அவர். டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தார்.

‘காலம் கெட்டுக் கிடக்கிறது’ என்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வளர்ந்த ஆண் ஒருவனை 9 வயதுக் குழந்தை எந்தப் பெல்ட் கட்டியும் வீழ்த்த முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் பொய் சொல்கிறார். கத்தவும் ஓடவும் கற்றுக்கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ மனப்பாடம் செய்ய வையுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், ஏன், அவளுடைய மாஸ்டரைப் பற்றியே ஏதாவது சொன்னாலும் ‘சும்மா இரு, அவர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று வாயை அடைக்காதீர்கள். இதற்கு மாதச் சந்தா கிடையாது.

கடைசியாக, கம்பு. சிறுவயதில் எனக்குச் சிலம்பம் சொல்லித்தந்த வாத்தியார் மூன்று மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. மண் தரையில் காலால் கோடு கிழித்து, அதன்மேல் காலடி வைக்கச் சொல்வார். முன்னே ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பி ஒன்று. தப்பினால் திட்ட மாட்டார், கோட்டை அழித்துவிட்டு மறுபடி கிழிப்பார். சிலம்பக் கம்பை அவரவர் உயரத்துக்குத்தான் அளந்து வெட்டுவார்கள். உங்கள் மகள் கம்பைக் கையில் வாங்கும் நாளில் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பாள். அப்போது வாத்தியாரே அளவு சொல்வார்.