பின்பக்கத் தோட்டம் வேண்டாம்

கேள்வி: பாளையங்கோட்டைக்குத் தெற்கே எட்டு சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். கிழக்கு மேற்காக 60 அடி, தெற்கு வடக்காக 58 அடி. கிழக்கே சாலை. கரிசல் மண், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தரைத்தளம் மட்டும் 1,200 சதுர அடி வீடு, அதற்குப் பின்னால் தோட்டம் என்று பொறியாளர் வரைந்து தந்திருக்கிறார். எனக்கும் என் மாமியாருக்கும் செடி என்றால் உயிர். எலுமிச்சை, முருங்கை, வாழை, பிச்சி, அன்றாடக் காய்கறி எல்லாம் வேண்டும். வரைபடத்தில் எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில், முப்பதுக்கு நாற்பது அடி வீடு மனையின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. முன்னாலும் பின்னாலும் 15 அடி, இரு பக்கமும் ஒன்பது ஒன்பது அடி. முன்பக்கத்தைக் காரும் சிமென்ட் தளமும் எடுத்துக்கொள்ளும். பக்கச் சந்துகளில் குழாய்களும் மோட்டாரும் குடியேறிவிடும். உங்களுக்கு மிஞ்சுவது மேற்கே இருக்கும் அந்தப் பதினைந்தடிதான். திருநெல்வேலிச் சீமையில் காய்கறித் தோட்டத்துக்கு அதைவிட மோசமான திசை கிடையாது.

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை நம் பக்கம் அடிக்கும் மேல்காற்றை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்காசியில் சாரலாக இறங்கும் அதே காற்று, பாளையங்கோட்டைக்கு வரும்போது ஈரத்தை இழந்து வறண்டுவிடுகிறது. கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அந்தக் காற்றோடு பிற்பகல் வெயிலும் சேர்ந்தால் கத்தரியும் வெண்டையும் காலையில் ஊற்றிய தண்ணீரை நண்பகலுக்குள் இழந்துவிடும். வாழை இலை நார் நாராகக் கிழியும்.

ஆகவே வீட்டையே காற்றுத் தடுப்பாக்குங்கள். மேற்கே எட்டடி, தெற்கே ஆறடி விட்டு, வீட்டைத் தென்மேற்காகத் தள்ளுங்கள். வடக்கே 12 அடி கிடைக்கும். கிழக்கே 22 அடி அகலத்தில், மனையின் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக இடம் கிடைக்கும். அதன் தென்கோடியில் காருக்குப் பத்தடி ஒதுக்கினாலும் ஆயிரம் சதுர அடிக்கு மேல் தோட்டம். அதே வீடு, அதே மனை, செலவும் அதிகமாகாது. வாஸ்து பார்க்கிறவர்களும் வடக்கிலும் கிழக்கிலும் அதிக இடம் விடத்தான் சொல்கிறார்கள்; அந்த வகையில் வீட்டில் சண்டை வராது. பக்கங்களில் விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியை மட்டும் உள்ளாட்சி அனுமதி விதிகளோடு பொறியாளரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கிழக்குத் தோட்டத்தின் லாபம் வெயிலில் தெரியும். காலை வெயில் முழுவதும் செடிக்குக் கிடைக்கும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 13 அடி உயர வீடு என்றால், பிற்பகல் மூன்றரை மணிக்கு அதன் நிழல் தோட்டத்தில் பாதியைத் தாண்டிவிடும், நாலரைக்கு ஏறக்குறைய முழுவதையும் மூடிவிடும். சித்திரை வைகாசியில் பச்சை வலை கட்டாமல் கீரை வளர்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

தெருப்பக்கம் தோட்டமா, பிச்சியை யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று மாமியார் கேட்பார். நாலடிச் சுவர், அதன்மேல் கம்பி வலை, வலையின் உள்பக்கமாகப் பிச்சி. பழைய வீடுகளில் புறவாசலில்தானே செடி வைத்தார்கள் என்ற கேள்வியும் வரலாம். அவை சுவரோடு சுவர் ஒட்டி நீண்டு கிடந்த தெரு வீடுகள். புறவாசலுக்குள் காற்று புக வழியில்லை. தனி மனை வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பட்டாசலின் (முன்கூடத்தின்) பெரிய ஜன்னல்களைக் கிழக்கே திறந்து, வெளியே ஒரு திண்ணை போட்டுவிடுங்கள். ஐப்பசி மழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சாய்ந்து அடிக்கும் என்பதால், திண்ணைக் கூரையைச் சுவரிலிருந்து நாலடியாவது நீட்ட வேண்டும்.

மேற்கே விட்ட எட்டடியில் நொச்சியை நெருக்கமாக வேலி போல நடுங்கள். உயரமான மதில் காற்றைத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். முட்டிய காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கும் செடி வேலியே மேல். முருங்கையை மேற்கே வைக்காதீர்கள், கிளை ஒடியும். வடகிழக்கு மூலையில் வையுங்கள். கம்பளிப்பூச்சி வரும் மரம் படுக்கையறை ஜன்னலிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

வடபக்கப் பன்னிரண்டடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வடக்கு எப்போதும் நிழல் என்று எழுதுகிற தோட்டக்கலைப் புத்தகங்கள் குளிர்நாட்டுக்காக எழுதப்பட்டவை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குள் இருக்கிறோம். சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், வடசுவர் சுடும். மார்கழியில் அதே சுவரை ஒட்டிய எட்டடிக்கு உச்சி வெயில் விழாது. இப்படி மாறி மாறி வரும் இடத்தில் கறிவேப்பிலையும் மாதுளையும் நிற்கும், காய்கறிப் பாத்தி சரிப்படாது.

இனி தண்ணீர். இதைத்தான் அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். வீடு முடிந்த பிறகு கழிவுநீர்க் குழாயைப் பிரிப்பதென்றால் தரையை உடைக்க வேண்டியிருக்கும். குளியலறையை வடசுவரை ஒட்டி அமைத்து, அதன் குழாயைத் தனியாக எடுத்து, ஒரு சிறு தொட்டியில் மணலும் ஜல்லியும் போட்டு அதன் வழியாகக் கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள். அடுக்களை தென்கிழக்கில் வந்தால் பாத்திரம் கழுவிய நீர் வடிகட்டித் தொட்டி வழியாக நேரே கிழக்கே உள்ள வாழைக்குப் போகும். வீட்டின் மறைவில் வாழையும் கிழியாது. துணி துவைக்கும் எந்திரத்தின் நீரைச் செடிக்கு விட வேண்டாம். சோப்புத்தூளில் உள்ள சோடியம் கரிசல் மண்ணை இறுக்கிவிடும். குடிநீர் சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் நீரில் உப்பு இன்னும் அதிகம். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

எலுமிச்சைக்கு உப்பு ஆகாது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அதன் மின்கடத்துத் திறனைக் கேளுங்கள்; உப்பு கூடக் கூட அதுவும் கூடும். மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் தைரியமாக நடலாம். மூன்றைத் தாண்டினால் புளியங்குடி எலுமிச்சையைக் கடையில் வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் சப்போட்டா வைப்பதே புத்திசாலித்தனம். இடைப்பட்ட அளவு என்றால் மழைநீர் கைகொடுக்கும். 1,200 சதுர அடித் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,100 லிட்டர் விழும். சிந்தியது போகத் தொள்ளாயிரமாவது தேறும். தரைக்கடியில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று கட்டி, அந்தத் தண்ணீரை எலுமிச்சைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். எப்படியும் ஏதோ ஒரு குழி தோண்டத்தான் போகிறீர்கள். தொட்டி நிரம்பி வழியும் நீர் சாலை வடிகாலுக்குப் போக வழி இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்த பிறகு, தோட்டத்தைவிட வீட்டுத் தரை மூன்றடி உயரமாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மண் விஷயத்தில் கொத்தனாரை நம்பி இருக்காதீர்கள். கரிசல் நனைந்தால் உப்பிப் பெருகும், காய்ந்தால் வெடிக்கும் என்பதால், வீட்டுத் தரைக்கு அடியில் அதை அகற்றிச் சரள் நிரப்புவார்கள். அது சரியே. அதே சரளை மனை முழுவதும் பரப்பி மட்டம் பண்ணிவிடுவார்கள் என்பதுதான் ஆபத்து. வேலை தொடங்கும் அன்றே கிழக்குப் பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள். சிமென்ட் கலவை போடுவதும் செங்கல் அடுக்குவதும் கார் நிற்கப்போகும் தென்கோடியில் நடக்கட்டும். சிமென்ட் கழுவிய நீர் இறங்கிய மண்ணில் சில ஆண்டுகளுக்குச் செடி மஞ்சளித்தே நிற்கும். தோண்டியெடுத்த கரிசலை விற்றுவிடாமல் தோட்டத்திலேயே குவித்து வையுங்கள். பிறகு செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து மேட்டுப் பாத்தி போட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகாது.

கரிசலில் மரம் சுவருக்கு அருகே நின்றால் வேர் ஈரத்தை உறிஞ்சி, மண் சுருங்கி, சுவர் விரிசல் விடும். வேம்பும் புங்கமும் இருபதடிக்குள் கூடாது. அதாவது இந்த மனையில் அவற்றுக்கு அநேகமாக இடமே இல்லை. ஆசை இருந்தால் தெருவோரம் நட அனுமதி கேட்டுப் பாருங்கள்.

நடவை ஆடியில் தொடங்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். ஆற்றுப் பாசனத்தில் கார்ப் பருவ நெல் சாகுபடி செய்பவர்களுக்கு அது சரி. உங்கள் மனைக்குப் புரட்டாசிக் கடைசிதான் பட்டம். காற்று அடங்கி மழை தொடங்கும் நேரம். நொச்சிக் குச்சிகளை மட்டும் சுற்றுச்சுவர் எழும்பியதுமே ஊன்றிவிடுங்கள். கட்டடம் நனைக்கக் குழாயோடு தினமும் ஓர் ஆள் அங்கே நிற்பார். அவரிடம் மேற்கு ஓரத்துக்கும் இரண்டு நிமிடம் தண்ணீர் காட்டச் சொன்னால் போதும்.