பெண்கள் உதைபந்தாட்டத்தில் ஒரு முன்கள வீராங்கனையின் தொழில் வாழ்க்கை எப்படிப்பட்டது?

பதினான்கு வயது மகள் கொழும்பில் பாடசாலை அணியின் முன்களத்தில் ஆடுகிறாள், இதையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறேன் என்கிறாள், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்மதியுங்கள். ஆனால் அந்தத் தொழிலின் உள்விவரம் தெரிந்து சம்மதியுங்கள். வார இறுதிகளில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சிறுமிகளின் பயிற்சிக்கு உதவுகிறவள் நான். இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோருக்கு பிரேசில் முன்கள வீராங்கனை மார்த்தாவின் வாழ்க்கையைத்தான் எடுத்துச் சொல்வேன்.

பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1986 இல் பிறந்தவர் மார்த்தா. 1941 தொடக்கம் 1979 வரை அந்த நாட்டில் பெண்கள் உதைபந்து ஆடுவதற்குச் சட்டத்திலேயே தடை இருந்தது. சட்டம் நீங்கினாலும் ஊர் வாய் உடனே மூடிவிடுமா? பையன்களோடு ஆடி, ஏச்சுக் கேட்டு வளர்ந்த அந்தப் பெண், உங்கள் மகளின் வயதில்தான் ரியோ டி ஜெனீரோவுக்கு பஸ் ஏறினார். வாஸ்கோ ட காமா கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2004 இல் சுவீடனின் ஊமியோ கழகத்துக்குப் போனார். அந்த ஆண்டே ஐரோப்பியக் கிண்ணம் கிடைத்தது. 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள். 2006 முதல் 2010 வரை ஐந்து முறையும், பின்னர் 2018 இலும் பிஃபாவின் உலகச் சிறந்த வீராங்கனை அவர்தான்.

பெற்றோர் ஊன்றிப் படிக்க வேண்டியது இதற்குப் பிந்திய பகுதியை. 2009 இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் சோல் அணியில் சேர்ந்தார். லீக் சுற்றில் அணி முதலிடம் பிடித்தது. அடுத்த பருவம் தொடங்குமுன் கழகம் மூடப்பட்டது. 2010 இல் கோல்ட் பிரைட் அணிக்குப் போய்ப் பட்டம் வென்றார். அந்தக் கழகமும் அதே ஆண்டு கலைந்தது. 2011 இல் வெஸ்டர்ன் நியூயோர்க் பிளாஷ் அணியோடு மீண்டும் பட்டம். 2012 இல் அந்த லீக்கே இல்லாமல் போயிற்று. சுவீடனுக்குத் திரும்பி தீரெசோ அணியில் ஆடினார். 2014 சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இரண்டு கோல்கள் அடித்தும் அணி 4-3 என்று தோற்றது. சில வாரங்களில், பணமில்லாமல் அந்தக் கழகம் லீக்கிலிருந்தே விலகியது. உலகத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லாத காலம் அது! கோல் அடிப்பது அவர் காலில் இருந்தது, சம்பளம் தரும் கழகம் அடுத்த ஆண்டு இருக்குமா என்பது அவர் கையில் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

முன்கள வீராங்கனைக்கே உரிய சுமை ஒன்றும் உண்டு. நடுக்களத்தில் ஆடுகிறவரின் தவறு எளிதில் மறந்துபோகும். கோல் வாசலில் தவறவிட்டதை யாரும் மறப்பதில்லை. 2007 உலகக் கிண்ணத்தில் ஏழு கோல்களோடு முதலிடம் பெற்றவர் மார்த்தா. இறுதிப் போட்டியில் ஜெர்மனி ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது அவர் உதைத்த பெனால்டியை அந்த அணியின் கோல் காப்பாளர் நதின் அங்கெரர் தடுத்துவிட்டார். பிரேசில் 2-0 என்று தோற்றது. அதன் பிறகும் பெனால்டி உதைக்க முன்வந்தாரே, அந்த மனத்தைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன். 2019 இல் இத்தாலிக்கு எதிராகப் பெனால்டியில் அடித்த கோல் அவருடைய பதினேழாவது உலகக் கிண்ணக் கோல். ஆண்களில் மிரோஸ்லாவ் க்ளோசேயின் 16 கோல்களையும் தாண்டிய சாதனை அது. அந்தத் தொடரில் எந்த நிறுவனத்தின் அடையாளமும் இல்லாத சப்பாத்தோடு ஆடினார். அதில் இருந்தது சம உரிமைக்கான சின்னம் மட்டுமே.

2022 இல், 36 வயதில், முழங்கால் இணைநார் கிழிந்து அந்தப் பருவமே வீணானது. ஆயினும் திரும்பி வந்தார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும், ஓர்லாண்டோ பிரைட் அணியோடு அமெரிக்காவின் இன்றைய லீக்கில் பட்டமும் பெற்றார்.

நம் நாட்டு நிலைக்கு வருகிறேன். பெண்கள் உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்த முடியாது. தேசிய அணியில் ஆடுகிறவர்களில் பலர் முப்படைகளில் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். திறமைக்குக் குறைவில்லை, தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் போட்டிகளில் ஆடியதைப் பார்த்தவர்கள் அதில் ஐயப்பட மாட்டார்கள். நமக்கு அருகிலேயே இந்திய முன்கள வீராங்கனை பாலா தேவியின் வழி இருக்கிறது. மணிப்பூர் பொலிஸ் அணியில் ஆடிய அவர், 2020 ஜனவரியில் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்றார். அப்போது அவருக்கு 29 வயது. ஆகவே சாதாரண தரப் பரீட்சைக்காக உங்கள் மகள் சில மாதங்கள் பயிற்சியைக் குறைத்தால் எதிர்காலம் கைநழுவிவிடாது. ரியூசன் வகுப்புக்காகப் பயிற்சியை முழுவதுமாக நிறுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன். கொழும்பில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரிகளை அந்த வயதில்தான் இழக்கிறோம்.

இப்போதே செய்யக்கூடியவை சில. வலிமை குறைந்த காலாலும் பந்தை உதைக்கப் பழக்குங்கள். பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் மடியாமலிருக்கப் பயிற்சி கொடுக்கும் பயிற்றுநரைத் தேடுங்கள். இணைநார்க் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் ஏற்படுகிறது. ஆங்கிலம் நன்றாகப் படிக்கட்டும்.

என்றாவது வெளிநாட்டுக் கழகம் ஒன்றிலிருந்து ஒப்பந்தம் வந்தால், சம்பளத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். காயப்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, கழகம் மூடப்பட்டால் மீதிச் சம்பளம் என்னாகும், தங்குமிடம் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைப்பேற்றுக்குக் குறைந்தது 14 வாரச் சம்பள விடுப்பு தர வேண்டும் என்பது 2021 முதல் பிஃபாவின் விதி. அதைத் தட்டிக்கழிக்கும் வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முகவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஒரு சட்டத்தரணி வாசித்துப் பார்க்காமல் கையொப்பமிட விடாதீர்கள்.