கல்லாவில் பூட்டிய ரசீது

கேள்வி: பிளஸ் டூ காமர்ஸ் குரூப்பில் என் மகள் 600க்கு 541. பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். எங்களுக்கு ஹார்டுவேர் கடை. பி.பி.ஏ. படித்தால் கடைக்கும் ஆகும், வெளி வேலைக்கும் ஆகும். வரலாறு சோறு போடுமா? பி.பி.ஏ.வுக்கு 15,000 ரூபாய் கட்டிவிட்டேன், அவளுக்கு இன்னும் தெரியாது, ரசீது கல்லாவில் இருக்கிறது. எது நல்ல படிப்பு என்று நீங்கள் எழுதினால் அவளிடம் காட்டுவேன்.
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: பணத்தைக் கட்டி, ரசீதைக் கல்லாவில் போட்டுப் பூட்டிய பிறகு என்னிடம் என்ன யோசனை கேட்கிறீர்கள்? முடிவெடுத்துவிட்டு ஒரு சாட்சி தேடுகிறீர்கள். மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததை என் எழுத்தைக் காட்டிச் சொல்லப் பார்க்கிறீர்கள். அதற்கு நான் வர மாட்டேன்.

கடைக்கு வரும் பிளம்பர் அரை இஞ்ச் பைப் கேட்கிறார். நீங்கள் முக்கால் இஞ்சுக்குப் பில் போட்டு, வண்டியில் ஏற்றும்வரை வாய் திறக்காமல் இருப்பீர்களா? மறுபடி அவர் உங்கள் கடைப் படி ஏறுவாரா? வாடிக்கையாளருக்குச் செய்யக் கூசுகிற காரியத்தைப் பெற்ற பெண்ணுக்குச் செய்திருக்கிறீர்கள். நாளைக்கு அவளும் ஒரு பெரிய விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் முடித்துவிட்டு வந்து நின்றால், எந்த வாயால் கண்டிப்பீர்கள்?

படிப்பு விஷயத்திலும் பாதி தெரிந்துகொண்டு பயப்படுகிறீர்கள். பி.பி.ஏ. மட்டமான படிப்பு இல்லை. ஆனால் நிர்வாகம் படிக்க அது ஒன்றுதான் வாசல் என்று யார் சொன்னது? ஐ.ஐ.எம். என்கிற நிர்வாகக் கல்லூரிகளுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பொதுப்பிரிவுக்குப் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் இருந்தால் போதும். 2006இல் பெப்சிகோவின் தலைமைக்கு வந்த இந்திரா நூயி, சென்னை கிறித்துவக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துத்தான் கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்குப் போனார். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, ஐ.ஏ.எஸ். எழுதவும் ஏதாவது ஒரு பட்டம் போதும். அந்தப் பாடத்திட்டங்களில் வரலாறு கனமாகவே இருக்கிறது.

உங்கள் கடைக்கு என்ன தெரிய வேண்டும்? மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதிக்குள் வரி கட்டுவதற்கான 3பி படிவம். எந்த சைஸ் தேங்குகிறது, கடன் நோட்டில் யாரை எப்போது எப்படிக் கேட்பது. கணக்குப்பதிவியல் படித்த பெண், உங்கள் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தால் இதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

பிள்ளை இஷ்டம் என்று விட்டுவிடச் சொல்கிற ஆள் நானில்லை. அந்தக் கடைதான் அவளை வளர்த்தது. விடுமுறையில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்து பி.எட்.டா, எம்.ஏ.வா, போட்டித் தேர்வா, எப்படிச் சம்பாதிப்பாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவள் கடமை. வெறும் வரலாற்றுப் பட்டத்தோடு சும்மா இருந்தால் கஷ்டம்தான், வெறும் பி.பி.ஏ.வோடு இருந்தாலும் அதே கஷ்டம்தான். ஆனால் ரசீதை ஒளித்து வைத்துக்கொண்டு அவளிடம் கணக்குக் கேட்க முடியாது.

இன்றிரவு ஷட்டரை இறக்கியதும் அந்த ரசீதை எடுத்துப்போய் அவள் முன்னால் வையுங்கள். "உன்னைக் கேட்காமல் கட்டிவிட்டேன், தப்புதான்" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அவள் அழலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதானால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தப் பக்கத்தை அவளிடம் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.