அமெரிக்காவில் குடும்ப சிகிச்சையில் (குடும்பத்தாரையும் சேர்த்துப் பேசி அளிக்கும் மனநல சிகிச்சை) பிஎச்டி முடித்தால் கல்லூரி வேலை மட்டும்தானா, மருத்துவமனையிலும் இடம் உண்டா?

தாராளமாக உண்டு. அங்கே குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சி பெறும் டாக்டர்களுக்கு மனநலமும் கற்பிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆசிரியர் பணிகளில் குடும்ப சிகிச்சை படித்தவர்களும் இருக்கிறார்கள்.

வேலை எப்படி இருக்கும்? சர்க்கரை அளவு இறங்காத ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டு எழுதி வேறெங்கோ அனுப்புவதில்லை. பக்கத்து அறையிலிருக்கும் சிகிச்சையாளரைக் கையோடு அழைத்து வந்து அறிமுகப்படுத்துகிறார். 20, 30 நிமிடப் பேச்சுதான். கூட வந்த மனைவியிடமும் விசாரிக்கும்போது, மகனுக்கு வேலை போனதிலிருந்து இவர் மாத்திரையைத் தொடுவதே இல்லை என்று தெரியவரும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜார்ஜ் எங்கல் 1977-இல் உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இந்த அணுகுமுறையின் வேர் அங்கே இருக்கிறது. கிழக்கு கரோலினா பல்கலைக்கழகம் 2005-இல், இப்படி டாக்டர்களோடு சேர்ந்து செய்யும் மருத்துவக் குடும்ப சிகிச்சைக்கென்றே பிஎச்டி தொடங்கியது.

அப்புறம், எங்கே சேர்ந்தாலும் மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.