வருகை நெருங்கும்போது வெல்டிங் வேலை எதற்கு என்று கேட்ட தம்பிக்கு

தம்பிக்கு ஸ்தோத்திரம். குவைத் போய் இன்னும் கால் ஊன்றவில்லை, அதற்குள் பெரிய கேள்வியாகக் கேட்டிருக்கிறாய். காசிமேட்டில் ஞாயிறு ஆராதனை, வாலிபர் கூட்டம், முழு இரவு ஜெபம் என்று இருந்தவன், இப்போது விடியுமுன் மினா அப்துல்லா சைட்டுக்கு பஸ் ஏறி இருட்டியபிறகு கேம்புக்குத் திரும்புகிறாய். ரூமில் ஒருவர், இயேசு மறுபடி வரப்போகிற கர்த்தருடைய வருகைக்குத் தேதியே சொல்கிறார். "ஆண்டவர் வரப்போகிற நேரத்தில் பைப்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே அண்ணா, வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடட்டுமா?" என்கிறாய்.

விடாதே. மத்தேயு 24-ஐ எடுத்து நிதானமாகப் படி. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று சொன்ன கையோடு இயேசு யாரைக் காட்டுகிறார்? வயலில் இருக்கும் இரண்டு பேரை, ஏந்திரம் அரைக்கும் இரண்டு பெண்களை. நாலு பேருமே வேலையில்தான் இருக்கிறார்கள். மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுகிறாள். தேதி சொல்கிறவர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ நம்பிக் காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். மறுநாள் வழக்கம்போல் விடிந்தது.

தெசலோனிக்கே சபையிலும் சிலர் வேலை செய்யாமல் சும்மா திரிந்தார்கள். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கறாராக எழுதினார். அவர் சும்மா உபதேசம் பண்ணவில்லை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தவர். அந்தக் கணவன் மனைவியும் பேரரசன் கிலவுதியுவின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வந்தவர்கள்தான். பிழைக்க வந்த ஊரில், கைவேலை நடந்த வீட்டில்தான் ஊழியமும் வளர்ந்தது.

இனி உன் வேலைக்கு வருவோம். பார்வைக்கு ஊழியம் செய்யாதே, கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய் என்று கொலோசெயர் 3-ல் இருக்கிறதே, அது வெல்டருக்காகவே எழுதியதுபோல எனக்குத் தோன்றும். சாதாரண லைனில் நூறு ஜாயிண்ட் அடித்தால் ஐந்தையோ பத்தையோதான் எக்ஸ்ரே எடுப்பார்கள். மற்றதன் ரூட், அதாவது அடியில் போடும் முதல் ஒட்டு, உள்ளே எப்படிப் பிடித்திருக்கிறது என்பது உனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். மேலே தெரியும் கடைசி ஒட்டான கேப்பை அழகாக ஓட்டிவிட்டால் இன்ஸ்பெக்டர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். 7018 வெல்டிங் ராடைச் சூட்டு அடுப்பிலிருந்து எடுத்தால், கையில் கொண்டுபோகும் சூடான குவிவர் பெட்டியிலேயே வைத்திரு. புதுசாக வருகிற பையன்கள் ராடுகளைத் தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அந்தக் கடலோரக் காற்றில் ராடில் ஈரம் ஏறும். அந்த ராடால் தடிமனான பைப்பில் அடித்தால், அன்றைக்குப் பார்க்க நன்றாக இருந்த ஜாயிண்டில் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட வெடிப்பு விடும். ஒரு நாள் அந்த லைனுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆபரேட்டர் நிற்பார், அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. வேலை முடிந்தபிறகு குறைந்தது அரை மணி நேரம், பொறி எங்காவது பற்றுகிறதா என்று பார்க்க ஃபயர் வாட்ச் நிற்கவேண்டும் என்றால் முழுசாக நிற்கச் சொல். பஸ் ஹாரன் அடிக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதே. வருகைக்கு ஆயத்தமாக இருப்பது என்றால் நான் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அதற்காக அநியாயத்தை வாய் மூடிச் சகித்துக்கொள் என்று அர்த்தமில்லை. யாக்கோபு 5-ல், கர்த்தர் வருமளவும் பொறுமையாயிருங்கள் என்பதற்குச் சற்று முன்னால்தான், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வருகிறது. ஓவர்டைம் நேரத்தை உன் நோட்டில் எழுதிவை, குறைந்தால் மரியாதையாகக் கேள். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 11 முதல் மாலை 4 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்த நேரத்தில் வெளியே ஏறச் சொன்னால் ஏறாதே.

நான் இப்போது லீவில் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். நேற்று காசிமேடு போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் அல்லவா, விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஆனால் யாரும் சும்மா இல்லை. ஒருவர் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். நிழலில் நாலு பேர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருப்பது என்றால் இப்படித்தான். அவர்களுக்காவது தடை முடியும் தேதி தெரியும்.

அப்படியே உன் அம்மாவையும் பார்த்தேன். நான் இருக்கும்போதே தண்டல்காரர் நோட்டோடு வந்துவிட்டார். அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, நீ அனுப்பியதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உன் விசாவுக்கு வாங்கிய கடன் அது. "பகல் சமீபமாயிற்று" என்று எழுதிய அதே ரோமர் 13-ல், நாலு வசனம் முன்னால், அன்புகூரும் கடனைத் தவிர வேறெதிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்று இருக்கிறது. நீ பாதியில் வேலையை விட்டால் விசாவும் போகும், அந்த நோட்டில் உள்ள பாக்கி அம்மா தலையில் விழும்.

ஆராதனை இல்லாமல் வாடிப்போகாதே. அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் சபைகள் அன்றைக்கே கூடும். உனக்குப் பக்கம் அகமதியில் செயின்ட் பால்ஸ் ஆலயம் இருக்கிறது. சிட்டியில் நேஷனல் எவாஞ்சலிக்கல் சர்ச் வளாகத்தில் பல மொழிச் சபைகள் கூடுகின்றன, தமிழ் ஆராதனை எங்கே, எப்போது என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். கேம்பில் அடுத்த மதத்தாரிடம் பிரசங்கம் பண்ணப்போகாதே, அங்கே அது சட்டச் சிக்கல். யாராவது காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடு, அதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஊழிய அழைப்பை நான் அலட்சியப்படுத்தவில்லை. அது மெய்யானால் கடன் அடைந்தபிறகும் உனக்குள் இருக்கும். காண்டிராக்ட் முடித்துவிட்டு வா, உன் பாஸ்டரோடு நானும் வந்து உட்காருகிறேன், மூன்று பேருமாக ஜெபித்துப் பேசலாம். ஜூன் கடைசியில் நான் குவைத் திரும்பிவிடுவேன். வந்ததும் போன் பண்ணுகிறேன், முதல் வெள்ளிக்கிழமை சேர்ந்தே ஆராதனைக்குப் போவோம்.